நல்லம்மா தன் தம்பிக்கு எழுதிய கல்வெட்டு

நல்லம்மா ஆன்டியை நான் முதலில் பார்த்தது பினாங்கின் சூலியா தெருவில், ஹபீபா பீவியின் போட்டோஸ்டேட் கடையில். 1998 அக்டோபர் மாதம். என் பட்டச் சான்றிதழை நகல் எடுக்கப் போயிருந்தேன். எங்கள் கம்பம், அதாவது எங்கள் கிராமம், கூலிமுக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்து ஒரு வருடம் ஆன பிறகும், அந்தச் சான்றிதழை நகல் எடுக்க எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

கடை முகப்பில் ஒல்லியான ஓர் அம்மாள், மடித்த குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒரு டிஸ்க்கை நீட்டியபடி நின்றிருந்தார். ஹபீபா பீவி அதை வாங்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"ஹபீபா, இதுக்குள்ள ஒரு பெரிய மனுசன்ர வாழ்க்கை இருக்கு. அச்செடுத்துத் தாங்கோ."

"வாழ்க்கையும் இருக்கு, வைரஸும் இருக்கு அக்கா. போன வாட்டி ஒங்க டிஸ்க்கப் போட்டு, மூணு நாள் என் கடையே படுத்திருச்சு லா."

"என்ர டிஸ்க்கில கிருமியோ? முப்பத்திநாலு வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பாத்தனான். கிருமி எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்."

"இது ஊசி போட்டா போற கிருமி இல்லக்கா. பேப்பர்ல அடிச்சுக் கொண்டாங்க. நாப்பது புக்கு வேணுமா, நானூறு வேணுமா, நான் போட்டுத் தர்றேன். அந்த டிஸ்க்க மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் பாக்கட்டுமா ஆன்டி? நான் கம்ப்யூட்டர் படிச்சவன்."

"டிகிரியோ?"

"டிகிரிதான்."

மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஆற்ற மகன்?"

"சொன்னா ஒங்களுக்குத் தெரியாது ஆன்டி. கூலிம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுறார்."

"அவருக்குப் பேர் இல்லையோ?"

"மாரிமுத்து."

"மாரிமுத்து மகன்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்கோ."

யார் மகன் என்று கேட்பதுதான் அவருடைய வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. பினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சிடுவார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் படம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, அவர் வாழ்ந்த கதை, பிறகு வம்சாவளி: எந்த ஊரிலிருந்து யார் கப்பலேறி வந்தார், யாருக்கு யார் பிள்ளை, பேரன், பேத்தி என்று கடைசிக் குழந்தை வரை. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் இருபது வருடம் பேசாது. அப்படிப்பட்ட புத்தகங்களை 1968இல் தன் தாய்க்கு எழுதியது முதல் நல்லம்மாதான் எழுதிவந்தார். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

பிறந்தது ஜார்ஜ்டவுனில்தான். தகப்பனார் சண்டிலிப்பாயிலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். நல்லம்மா கான்வென்டில் படித்து, ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். திருமணம் ஆகவில்லை. நான்கு வயது இளையவரான தம்பி சிவகுருநாதன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கிரீன் லேன் பக்கம் ஒரு டெரஸ் வீட்டில் இருவரும் இருந்தார்கள். 1994இல் நல்லம்மாவுக்கு வாதம் வந்து வலது கை பிடிப்பிழந்தது. பேனா பிடிக்க முடியாமல் போன அக்காளுக்காகத் தம்பி 1996இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தமிழ் எழுத்துப் புரோகிராம் ஒன்றை யாரிடமிருந்தோ டிஸ்க்கில் கேட்டு வாங்கிப் போட்டார். ஆன்டி இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றினால் அந்தப் புரோகிராமின் சாவிகளைப் பழகிக்கொண்டார். எந்த எழுத்து எங்கே என்று பார்க்காமலே அந்த விரலுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வைரஸ் தடுக்கும் புரோகிராம் வாங்கிய நாளில் போட்டதோடு சரி, புதுப்பிக்கவே இல்லை. இரண்டு வருடமாக வெளிவந்த எந்தக் கிருமியும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சாவு வீட்டாரும் பெயர்ப்பட்டியலையும் படத்தையும் ஆளுக்கொரு டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுக்க, அத்தனை வீட்டுக் கிருமியும் இங்கே வந்து தங்கியிருந்தது. நான்கு வகை எண்ணினேன். மூன்று வெறும் தொல்லை. நான்காவது அந்தத் தமிழ்ப் புரோகிராமுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றித் தொழிற்சாலையில் எங்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. மாதக்கணக்கில் சும்மா இருக்கும், ஏப்ரல் இருபத்தாறு அன்று பெட்டியில் உள்ளதை எல்லாம் அழிக்கும்.

சிவகுருநாதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "இப்ப என்ன செய்யோணும் தம்பி?"

"இந்தப் பழைய தமிழ்ப் புரோகிராம எடுத்துடணும் அங்கிள். கிருமியக் கழுவினா புரோகிராமே உடைஞ்சிரும். செஞ்சவன் யாருன்னே தெரியல, புது வெர்ஷனும் இல்ல. வேற தமிழ்ப் புரோகிராம் போடலாம். ஆனா அதுல சாவியெல்லாம் வேற எடம். ஆன்டி முதல்ல இருந்து பழகணும்."

"எடுத்தெறியுங்கோ," என்றார் அவர்.

"நல்லாச் சொன்னாய்," என்றார் ஆன்டி அடுப்படியிலிருந்து. "சவுந்தரத்தின்ர புருஷன்ர முப்பத்தொண்டுக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு. முடியட்டும்."

"பாத்தீங்களோ தம்பி? செத்தவனுக்கெல்லாம் வயசு கேப்பா. அந்தப் பெட்டிக்கு என்ன வயசெண்டு கேக்கமாட்டா."

அது முடிந்தது. அடுத்த சாவு வந்தது. அது முடிய இன்னொன்று. நான் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போவேன். தோசையும் சம்பலும் இருக்கும், கல்வெட்டும் இருக்கும். நான் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஜனவரியில் அதுவரை எழுதிய கல்வெட்டுகளை எல்லாம் ஒன்பது டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தேன். 'பழசெல்லாம் பத்திரம், புதுப்பிப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்' என்று எனக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது.

அந்த நாட்களில் ஆன்டி தொலைபேசியில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இறந்த செய்தி வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "விடிய முன்னமோ, விடிஞ்ச பிறகோ?" என்பதுதான். ஒருமுறை இறந்த ஒருவரின் மருமகன் ரேமண்ட் நேரில் வந்து சண்டை பிடித்தான்.

"ஆன்டி, மாமா செத்தது ட்யூஸ்டே மோர்னிங் நாலு மணிக்கு. நீங்க மண்டேன்னு போட்டிருக்கீங்க. டெத் சர்ட்டிபிகேட்ல ட்யூஸ்டேதான் லா இருக்கு."

"அது கவர்மென்டுக்கு. சூரியன் வந்தாத்தான் அடுத்த நாள். நாலு மணிக்குத் திங்கள் முடியேல்லை."

"ஊர் சிரிக்கும் ஆன்டி."

"சிரிக்கிற ஊர் முதலில பஞ்சாங்கம் பாக்கட்டும்."

ரேமண்ட் போனபின் சிவகுருநாதன் சொன்னார்: "எனக்கு எழுதேக்க கிழமை எதெண்டாலும் போடு. பொய் மட்டும் எழுதாதே. முப்பத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில இருந்தவன், அந்த நாற்காலிக்கு நல்ல பழக்கம் எண்டு எழுது."

அவர் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றவர். 1971இல் கோலாலம்பூரில் நேர்முகத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பியதாக உறவில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் அது ஒரு பழைய வேடிக்கை. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

1999 ஏப்ரல் இரண்டாம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்திரண்டு.

முப்பத்தோராம் நாள் மே இரண்டாம் தேதி. ஏப்ரல் பதினோராம் தேதி ஞாயிறு நான் புதிய புரோகிராம்கள் அடங்கிய சிடியோடு போனேன். ஆன்டி பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பழுத்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

கல்வெட்டுக்காகத் தம்பியின் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது அது கிடைத்ததாம். 1971 ஆகஸ்ட் தேதியிட்டு, துறைமுகத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. சிவகுருநாதன் பதவி உயர்வுக்குத் தேர்வாகியிருக்கிறார், அடுத்த மாதம் கோலாலம்பூரில் சேர வேண்டும் என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்திலேயே பதிலின் நகல்: குடும்பக் காரணத்தால் ஏற்க இயலவில்லை.

"அம்மா முதலே போயிட்டா, அந்த வருஷம் அப்பாவும் இல்லை. நான் தனிச்சுப் போவன் எண்டு அவன் போகேல்லை," என்றார் ஆன்டி. "தோத்துப் போனன் அக்கா எண்டு சொன்னவன். இருபத்தெட்டு வருஷம் நானும் அதை நம்பினனான். அவனைப் பாத்துச் சிரிச்சவையோட சேந்து நானும் சிரிச்சனான் தம்பி."

நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முப்பத்தொண்டில எல்லாரும் வருவினம். எல்லாற்ற கையிலயும் இது இருக்கோணும். ஏன் போகேல்லை எண்டு எழுதுறன். இதைவிட எனக்கு இனி ஒண்டும் எழுத இல்லை."

நான் சிடியை வெளியே எடுத்தேன். உடனே கையைக் காட்டி மறித்தார்.

"துடக்கு வீடு தம்பி, சாவுத் தீட்டு. முப்பத்தொண்டு முடியும்வரைக்கும் புதுசா ஒண்டும் தொடங்கப்படாது. மே மூண்டாந் தேதி வாங்கோ. உங்கட விருப்பப்படி செய்யுங்கோ."

"புதுசு போடல ஆன்டி. பழச எடுத்துட்டா போதும். இருபத்தாறாந் தேதி இருக்கு."

"பழசை எடுத்தா நான் எதில எழுதுறது?"

"எழுதினவரைக்கும் ஒரு டிஸ்க்குல போட்டுக் குடுங்க. நான் வச்சிருக்கேன்."

"அரைகுறையா ஒருதற்ற கையிலயும் குடுக்கமாட்டன். முடியட்டும்."

நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அது சாவு வீடு. அதைவிட, பால்மரம் வெட்டுகிறவர் மகனை முன்வாசலால் அழைத்து, தங்கள் கோப்பையில் தேநீர் கொடுத்த வீடு. அந்த வீட்டில் வைத்து அவர்கள் முறையைப் பற்றி வாதாட எனக்கு நா எழவில்லை. "அப்படின்னா ஒன்னே ஒன்னு. இருபத்தாறாந் தேதி மட்டும் பெட்டியத் தொறக்காதீங்க. இருபத்தேழு தொறந்தா ஒன்னும் ஆவாது."

"ஓம். திறக்கமாட்டன்."

சுவரில் இருந்த காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் நானே வட்டமிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆன்டி கல்வெட்டை முடித்துவிட்டார். முப்பத்தெட்டுப் பக்கம். மறுநாள் காலை கடையில் தாள்களைக் கொடுத்தால்தான் அந்தியேட்டிக்குள் புத்தகமாகும் என்று ஹபீபா பீவி சொல்லியிருந்தார். வீட்டுப் பிரின்டரில் அச்செடுக்கப் போகும் நேரம் ஈப்போவிலிருந்து தொலைபேசி. சித்தப்பா மகள் புஷ்பராணி.

"அக்கா, எங்கட ஜெயலெட்சுமிக்குப் போன கிழமை குழந்தை பிறந்ததே, அந்தப் பேரையும் போட்டாச்சோ? விட்டுப்போனா அவள் என்னைத்தான் ஏசுவாள்."

போடவில்லை. ஒரு பெயர் ஏறினால் வம்சாவளியில் எல்லா வரியும் இறங்கும், பக்கம் மாறும். பகல் முழுக்கத் திரையைப் பார்த்ததில் அவருக்குக் கண் களைத்திருந்தது. பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, கால்முகம் கழுவி, ஐந்தரைக்குப் பெட்டியைத் திறந்தார்.

எட்டு மணிக்கு என் தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, திரை கறுப்பாப் போச்சு. திரும்ப வருதில்லை."

மோட்டார் சைக்கிளில் எப்படிப் போனேன் என்று தெரியாது. ஆன்டி வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்குத் தொறக்காதீங்கன்னு சொன்னேனே ஆன்டி!"

"ஓம் தம்பி. அதுதானே விடிய முன்னம் திறந்தனான்." அவர் குரலில் சாக்குச் சொல்வது போல் எதுவும் இல்லை. பதிவேட்டில் சரியாகக் குறித்ததை எடுத்துக் காட்டுவது போல் சொன்னார். "ஐஞ்சரைக்கு. இருபத்தைஞ்சு முடியேல்லை. ஏழு மணிக்குத்தானே விடிஞ்சது. அதுக்குள்ள முடிச்சு மூடிப்போடுவன் எண்டு நினைச்சனான்."

பெட்டிக்கு நாள் மாறுவது நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்கு என்று நான் சொன்னேன். ஆறு மாதம் அவர் வாயால் "விடிய முன்னமோ, விடிஞ்ச பிறகோ" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், அதை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அதுக்குச் சூரியன் தேவையில்லையோ?"

"இல்ல ஆன்டி."

"எனக்குத் தெரியாமல் போச்சு," என்று சொல்லி உட்கார்ந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் வின்சென்ட் இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். இரண்டு நாள் வேலை முடிந்ததும் உட்கார்ந்து தோண்டினோம். அன்று எங்கள் தொழிற்சாலையிலேயே பலர் வீட்டுப் பெட்டிகள் இப்படிப் போயிருந்தன. "அண்ணே, ஒன்னும் மிஞ்சல. விட்டுடுங்க," என்றான் வின்சென்ட் புதன்கிழமை.

வியாழக்கிழமை லீவு போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவும் எடுத்துப் போனேன். "சொல்லுங்க ஆன்டி, நான் எழுதறேன். வம்சாவளி வேணாம். அங்கிள் கதை மட்டும். பத்து பக்கம் வந்தாலும் போதும்."

ஆன்டி நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். பிறந்த வருடம், பள்ளிக்கூடம், துறைமுகத்தில் சேர்ந்த நாள் எல்லாம் வந்தன. 1971க்கு வந்ததும் நின்றார். மறுபடி அந்த வாக்கியத்தைத் தொடங்கினார். மறுபடியும் நின்றார். நான்காவது தடவை இடது கை விரல் மேசை மேல் தானாகவே தட்டியது, எழுத்தைத் தேடுவது போல.

"விரலால எழுதேக்க எல்லாம் வந்தது தம்பி. வாயால சொல்லப் போனா அழுகைதான் வருது."

"அப்படின்னா அந்தக் கடிதத்தையே போட்டோஸ்டேட் எடுத்து எல்லாருக்கும் குடுத்துடலாம் ஆன்டி."

தலையை ஆட்டி மறுத்தார். "அவன் இருபத்தெட்டு வருஷம் ஒளிச்சது. வெறும் கடிதத்தைக் குடுத்தா அவனைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. ஏன் ஒளிச்சவன் எண்டு பக்கத்தில நான் எழுதியிருந்தன். அது இல்லாமல் இது வேண்டாம்."

மே இரண்டாம் தேதி அந்தியேட்டி நடந்தது. வீடு நிறைய ஆட்கள். ஹபீபா பீவி கேட்காமலே ஒரு மடிப்புத் தாள் அடித்துக் கொண்டுவந்திருந்தார்: மேலே படம், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, உள்ளே ஒரு தேவாரம். வந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். ஊருக்கெல்லாம் எழுதியவள் உடன்பிறந்தவனுக்கு எழுதவில்லையே என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது புஷ்பராணி படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சிவகுரு அண்ணா பாவம். கடைசிவரைக்கும் அதே நாற்காலி. அந்த இன்டர்வியூவில மட்டும் பாஸ் பண்ணியிருந்தா எங்கேயோ போயிருப்பார், என்ன அக்கா?"

நான் ஆன்டியைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"ஓம்," என்றார். அவ்வளவுதான். அதன்பின் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மூன்றாம் தேதி வரச் சொல்லியிருந்தார் அல்லவா, போனேன். பெட்டிக்குப் புது போர்டு, புது ஹார்ட் டிஸ்க், அந்த மாதத்து வைரஸ் தடுப்பு, புதிய தமிழ்ப் புரோகிராம் எல்லாம் போட்டு, ஒன்பது டிஸ்க்கில் இருந்த பழைய கல்வெட்டுகளையும் புது எழுத்துக்கு மாற்றி ஏற்றினேன். இனி மாதம் ஒரு முறை புதுப்பித்துத் தருவதாகச் சொன்னேன். ஆன்டி உட்கார்ந்து விரலை வைத்தார். 'சி' அடிக்கப் போனார். வேறு ஏதோ எழுத்து வந்தது. அதை அழிக்கவும் தெரியவில்லை.

"நல்லா இருக்கு தம்பி," என்று சொல்லி எழுந்து, பெட்டியைத் துணியால் மூடினார்.

பிறகு இரண்டு சாவு வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜூலையில் இரண்டாம் முறை வாதம் வந்தது. இந்த முறை பேச்சும் போயிற்று. கிரீன் லேன் வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நல்லம்மா ஆன்டி இப்போது ஈப்போவில், புஷ்பராணி வீட்டில் இருக்கிறார். வயது அறுபத்தேழு. போன மாதம் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. சிவகுருநாதன் ஏன் கோலாலம்பூர் போகவில்லை என்று அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.